கட்டு, காட்டு, கழற்று

அவளுக்கு ஊரில் டெமோ அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. நகராட்சிப் பயிற்சி நிலையத்தின் வாசலில் ஏதாவது பெரிய வண்டியின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டால் போதும். "டெமோ அக்காவ முன் வரிசைக்கு வரச் சொல்லு!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் பதறும். அவள் எழுந்து, முன்நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, முன் மேசைக்கு வருவாள். கையில் எதைக் கொடுத்தாலும் செய்து காட்டுவாள். செய்துகொண்டே, வந்தவர்களைப் பார்த்து, "இந்தப் பயிற்சி என் வாழ்க்கையில ஒரு புது வெளிச்சத்தக் கொண்டுவந்திருக்கு" என்பாள். தையல் பழகியபோதும் அதே வெளிச்சம். செல்போன் பழுதுபார்க்கப் பழகியபோதும் அதே வெளிச்சம்.

"உனக்கு இதுவரைக்கும் வந்த வெளிச்சத்துக்கு நம்ம வீட்டுக்குக் கரண்ட் பில்லே வரக் கூடாது," என்பான் அவள் கணவன்.

அவள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் நூல் ஆலையின் குவார்ட்டர்ஸில்தான். அப்பா ஆலையில் வேலை பார்த்தார். அவளும் பள்ளியை முடித்த கையோடு நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தாள். ஓடுகிற நூல் அறுந்தால் இரண்டு முனைகளையும் பிடித்து, கண் இமைப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவாள். அந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தாலும் தட்டுப்படாது. அந்தப் பிரிவுக்கு மெஷின் பழுதுபார்க்க வந்த ஃபிட்டர்தான் பிறகு கணவன் ஆனான். "என் மெஷின் மட்டும் ஏன் அடிக்கடி நிக்குதுன்னு அப்ப எனக்குப் புரியல," என்று அவள் சொன்னால், "நான் நிறுத்தாம வேற யாரு நிறுத்துவா?" என்று அவன் மீசையைத் தடவிக்கொள்வான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஆலைக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. காவலாளிக்கே விஷயம் தெரியாது. அவரும் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்தில் இதே மாதிரி ஆலையை நம்பிப் பிழைத்த ஊர்கள் இரண்டு மூன்று உண்டு. ஆலை மூடிய அடுத்த வருடமே அங்கெல்லாம் கடைகள் மூடின. பேருந்து நின்றது. ஆட்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். இந்த ஊர் அப்படிப் போகவில்லை. அந்தப் பெருமை நகராட்சிக்குத்தான் சேரும். ஆலை நிலத்தையும் குவார்ட்டர்ஸையும் அது தன் கையில் எடுத்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் நிற்கவில்லை, தெருவிளக்கு அணையவில்லை. நகர் மீட்புத் திட்டம் என்று ஒன்றை மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கி வந்தது. பழைய நூல் குடோனுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பயிற்சி நிலையம் ஆக்கியது. குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விதிதான். வீட்டில் ஒருவராவது திட்டத்தின் கீழ் பயிற்சியில் இருக்க வேண்டும். இல்லை, நகராட்சி ஏற்பாடு செய்த வேலையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வீடு உங்களுக்கு.

அந்த விதியை ஒலிபெருக்கியில் கேட்ட அன்று அவள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். விரித்துப் போட்ட வலை தூரத்திலிருந்து பார்த்தால் மெத்தை மாதிரிதான் இருக்கும்.

வேலை ஏற்பாடு ஆகும்வரை பயிற்சி என்றார்கள். வேலை ஏற்பாடு ஆகவில்லை. ஆகவே பயிற்சி. ஒரு பயிற்சி முடிந்ததும் மறுநாளே அடுத்த பயிற்சியில் பெயர் ஏறிவிடும், ஏனென்றால் நடுவில் ஒரு நாள் விட்டாலும் விதிப்படி வீடு போய்விடும். கணவன் முதல் பயிற்சியில் சில வாரங்கள் உட்கார்ந்தான். "பொம்மை வேலைக்குப் பெரிய மனுசன் எதுக்கு?" என்று எழுந்து வந்துவிட்டான். இப்போது சந்தையில் மூட்டை இறக்குவது, யாருடைய மோட்டாரையாவது கழற்றி மாட்டுவது என்று கிடைத்ததைச் செய்கிறான். அவன் உழைப்பு வீட்டுக்குச் சோறு போட்டது. ஆனால் நகராட்சிக் கணக்கில் அது வேலையே இல்லை. வீட்டைத் தாங்கிப் பிடித்தது அவள் பயிற்சிதான். இந்த ஊரில் வேலையில்லாதவர் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் பயிற்சியில் இருக்கிறார்கள் என்று நகராட்சி வருடா வருடம் மேலே சொல்லியது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

ஆரம்பத்தில் ஒரு திட்ட அதிகாரி இருந்தார், நல்ல மனிதர். தையல் பயிற்சியில் பெண்கள் தைத்த திரைச்சீலைகளை வீணாகக் கிடக்கிறதே என்று மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். தணிக்கைக்கு வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். துணி எங்கே? தைத்தாகிவிட்டது. தைத்தது எங்கே? கொடுத்தாகிவிட்டது. எந்தத் தீர்மானத்தின்படி? பாவம், அந்த மனிதர் பதில் எழுதி எழுதியே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகு நகராட்சி சூடு கண்ட பூனை ஆகிவிட்டது. பயிற்சிக்குக் கொடுத்த பொருள் காலையில் எப்படி அலமாரியிலிருந்து வெளியே வந்ததோ, மாலையில் அப்படியே உள்ளே போக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அதனால் காலையில் தைத்ததை மாலையில் பிரித்தார்கள். பிரித்த துணியை மறுநாள் தைத்தார்கள். ஊசி போய்ப் போய்த் துணி சல்லடை ஆனது. செல்போன் பயிற்சிக்கு வந்த ஒரே போனைத் திறந்து மூடி, திறந்து மூடி, அதன் திருகாணிகளெல்லாம் வழுக்கையாகிவிட்டன. மாஸ்டர் இதற்கு ஒரு மந்திரமே வைத்திருந்தார். மாஸ்டர் என்றால் எல்லாப் பயிற்சிக்கும் அவர் ஒருவர்தான். எதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமோ அதை முந்தின நாள் படித்துவிட்டு வருபவர். மேசை மேசையாக நடந்துகொண்டே அவர் சொல்வார்: "கட்டு, காட்டு, கழட்டு! கட்டுனியா? காட்டு. ஓகே! கழட்டு."

அவர் ஓகே சொன்னால் கை தானாகப் பிரிக்கத் தொடங்க வேண்டும். மணியைப் பார்த்து, அலமாரியைப் பூட்டி, அவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமே.

ஒரு நாள் காலையில் அவள் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். மகள் கண்ணாடியில் பார்த்து, "ஓகேம்மா, போதும்," என்றாள். எழுந்திருப்பதற்குள் சடை தோளில் அவிழ்ந்து விழுந்தது.

"அம்மா! இப்பத்தானே போட்ட!"

"ஐயோ, கை…" என்று அவள் மறுபடி சீப்பை எடுத்தாள். மகள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முழுவதும் தன் விரல்களை அடிக்கடி பார்த்துக்கொண்டாள். முன்பு அறுந்ததை முடிச்சுப் போட்டுச் சேர்த்த விரல்கள் அவை.

காலையில் மூடிய ஆலையின் மதிலை ஒட்டியே நடந்து நிலையத்துக்குப் போவாள். மாலையில் அதே மதிலை ஒட்டியே திரும்பி வருவாள். குடோனில் ஜன்னல்கள் எல்லாம் தலைக்கு மேலே. நூலுக்கு வெயில் படக் கூடாது என்று வைத்தவை. வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது. செக்குமாடாவது சுற்றினால் எண்ணெய் வரும். ஒரு நாள் மாலை துணியைப் பிரித்துக்கொண்டே அவள் பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் கேட்டாள்: "நாம இங்க வந்து இத்தன வருசத்துல ஒண்ணே ஒண்ணாவது செஞ்சு முடிச்சு, அது இந்த வாசலத் தாண்டி வெளிய போயிருக்கா?"

நாத்தனார் அவளைவிட இளையவள். கணவனின் தங்கை, அதே குவார்ட்டர்ஸில் கடைசி வீட்டில் இருப்பவள், வாய்க்காரி. "ஏன் போகல அண்ணி? தினமும் சாயங்காலம் நாம வெளிய போறமே," என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் புது ஆணையர் வந்தார். வந்த வேகத்தில் காலியாகக் கிடந்த ஆலைக் கட்டடத்துக்கு ஒரு கம்பெனியைப் பிடித்துவிட்டார். வண்டிகளுக்கு வயர் ஹார்னஸ் செய்யும் கம்பெனி. ஹார்னஸ் என்பது வண்டிக்குள் விளக்குக்கும் ஹாரனுக்கும் ஓடுகிற வயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய கொத்து. கம்பெனிக்கு நகராட்சி கொடுத்த வாக்கு, பயிற்சி பெற்ற ஆட்களைத் தருகிறோம் என்பது. உடனே நிலையத்தில் பயிற்சியும் ஹார்னஸுக்கு மாறியது. ஆணி அடித்த பலகைகள் வந்தன, நிறம் நிறமாக வயர் வந்தது. கொத்தைச் சுற்றுவதற்கு டேப்பும் வந்தது. ஆனால் டேப்பை ஒருமுறை ஒட்டினால் திரும்ப அலமாரிக்குள் வைக்க முடியாது அல்லவா? அதனால் டேப் உறையோடு இருந்தது. குடோன் மூலையில் மிஞ்சிக் கிடந்த பழைய ஆலை நூலால் கட்டிப் பழகினார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு திட்ட மேடம் ஒரு காலையில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். இப்போதைய திட்ட அதிகாரி அவர்தான். மேடம் நல்லவர். அதுதான் தொல்லையே, கோபப்படக்கூட முடியாது.

"நாளன்னைக்குக் கம்பெனியில ஒரு நாள் சோதனை வேலை வெக்கிறாங்க. தேறினவங்களுக்கு நிரந்தர வேலை," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு விஷயம் இருக்கு. ஒரே ஆளு ஒரே நாள்ல பயிற்சியிலயும் இருக்க முடியாது, வேலையிலயும் இருக்க முடியாது. கணக்கு ரெட்டையாயிடும். அதனால சோதனைக்குப் போறவங்க முதல்ல இங்கேருந்து பேர எடுத்துக்கணும்."

"தேறலன்னா திரும்பி வரலாமா மேடம்?" என்று டெமோ அக்கா கேட்டாள்.

"இடம் இருந்தா வரலாம். உங்க இடத்துக்குப் புது ஆளுங்க வந்துடுவாங்க."

"அப்ப வீடு?"

மேடம் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளிக் கீழே தள்ளினார். "விதி உங்களுக்கே தெரியும்க்கா. மாசக் கடைசி வரைக்கும் டைம் கொடுப்பாங்க."

அன்று மாலை சமையலறையில் அவளும் கணவனும் நாத்தனாரும் பேசினார்கள். பேச்சு என்று சொல்வது மரியாதைக்காக.

"போகாத," என்றான் கணவன். "அரசன நம்பிப் புருசனக் கைவிட்ட கதையா ஆயிடும்."

"அரசன நம்பித்தானேண்ணா இத்தன வருசமா புருசனுக்கு வீடு கெடச்சுது," என்றாள் நாத்தனார்.

"நீ சும்மா இரு. உள்ளதும் போச்சுன்னா நடுத்தெருவுல நிக்கிறது யாரு? உங்கண்ணிக்குக் கை நல்ல கைதான், இல்லேங்கல. ஆனா ஒரு நாள்ல எவன் என்ன குத்தம் கண்டுபிடிப்பான்னு யாருக்குத் தெரியும்?"

அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "என்னங்க," என்றாள் கடைசியில். "இங்கயே இருந்தா வீடு இருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனா நம்ம பொண்ணு ஸ்கூல் முடிச்சதும் அவளும் என் பக்கத்து மேசையிலதான் வந்து உக்காருவா. நான் தெச்சுப் பிரிச்ச அதே துணிய அவளும் தெச்சுப் பிரிப்பா. அத நெனச்சா எனக்கு மூச்சு முட்டுது."

அவன் எழுந்து வாசல்வரை போய் வந்தான். "செருப்புல வாரு பிஞ்சிருக்கே, அதோடவா போகப் போற? கொடு," என்று வாங்கிக்கொண்டு போய்த் தைத்துக் கொண்டுவந்தான். அவன் சம்மதம் அவ்வளவுதான்.

அவளும் நாத்தனாரும் பெயரை எடுத்துக்கொண்டார்கள். மொத்தமாக ஒரு மேசை வரிசை அளவுக்குப் பெண்கள் சோதனைக்குப் போனார்கள். அதில் மூன்று பேர் மட்டும் போன மாதம்தான் நிலையத்தில் சேர்ந்த சின்னப் பெண்கள். ஆணிப் பலகையையே அவர்கள் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

கம்பெனிக்குள் நுழைந்ததும் அவளுக்குத் திகைப்பாக இருந்தது. அது அவளுடைய பழைய நூல் சுற்றும் பிரிவுதான். தூண்கள் அதேதான். மேலே வெள்ளை வெளேரென்று விளக்குகள், கீழே வழவழவென்று பச்சைத் தரை. பஞ்சுத் தூசியின் நாற்றம் மட்டும் போயிருந்தது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் அவள் மெஷின் இருந்த இடத்தில் இப்போது ஒரு பலகை நின்றது. அவளை அதன் முன்னால்தான் நிறுத்தினார்கள். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டாள்.

வரிசைக்கு மேற்பார்வையாளராக வந்தவர் வெளியூர்க்காரர். அங்கே எல்லோரும் அவரை லைன் சார் என்றார்கள். காதில் பேனாவைச் செருகிக்கொண்டு அவசர அவசரமாகப் பேசினார். "பலகைல படம் இருக்கு. அதப் பார்த்து வயரப் போடுங்க, கனெக்டர்ல சொருகுங்க, டேப் சுத்துங்க. முடிச்சதும் நான் டெஸ்டர் வெச்சுப் பார்ப்பேன். பச்சை எரிஞ்சா பாஸ்."

அவள் விரல்கள் ஓடின. சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஆணியைச் சுற்றி வளைத்து, கனெக்டருக்குள் சொருகி, டிக் என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். டேப் அவளுக்குப் புதுசு. நாலு விரல் தூரம் சுற்றியதும் அதன் சுபாவம் பிடிபட்டுவிட்டது. வரிசையில் முதலில் முடித்தவள் அவள்தான். லைன் சார் வந்தார், டெஸ்டரை மாட்டினார். பச்சை எரிந்தது. அவர் கொத்தைத் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"ஓகே," என்றார். அடுத்தவளிடம் போனார். அங்கேயும் பச்சை. "ஓகே." நாத்தனாரிடம் போனார். "ஓகே." அப்படியே வரிசைக் கடைசிவரை போனார். ஏறக்குறைய எல்லாமே பச்சை. கடைசியில் இருந்த அந்த மூன்று சின்னப் பெண்களுக்கும், கொஞ்சம் தடுமாறி, இரண்டாவது தடவையில் பச்சை எரிந்தது. லைன் சாருக்கே நம்ப முடியவில்லை. நகராட்சிக்காரர்கள் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது என்று சிரித்தபடி, தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"பீஸ் எங்க?"

யாருக்கும் புரியவில்லை. அவர் டெமோ அக்காவின் பலகையைக் காட்டினார். "இங்க இருந்த பீஸ் எங்கம்மா?"

"இங்கதான் சார் இருக்கு," என்றாள் அவள். சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் நேராக நீவி வைக்கப்பட்டிருந்தன. கனெக்டர்கள் ஒரு வரிசையில். உரித்த டேப் பலகையின் ஓரத்தில் சுருக்கம் இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தது. "பிரிச்சு வெச்சாச்சு சார்."

"ஏன் பிரிச்சீங்க?"

"நீங்கதானே சார் ஓகே சொன்னீங்க!"

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். வரிசை நெடுக எல்லாப் பலகையிலும் நிறம் நிறமாக வயர்கள் நீவி வைக்கப்பட்டிருந்தன. நாத்தனார் கடைசி வயரை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் அந்த மூன்று சின்னப் பெண்களின் பலகையில் மட்டும், கோணல்மாணலாக, மூன்று கொத்துகள் முழுசாகக் கிடந்தன.

"அண்ணி," என்று நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "நாம என்ன பண்ணிட்டோம்?"

லைன் சார் மூன்று பேரின் பெயரை எழுதிக்கொண்டார். மற்றவர்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு காதிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தாலும் தேவலை.

வீட்டுக்கு வந்து அவள் நடந்ததைச் சொன்னபோது கணவன் கேலி செய்யவில்லை. அவன் கேலி செய்யாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "கைய என்ன பண்றது?" என்றான். "அது சொன்ன பேச்சக் கேட்டுது, அவ்வளவுதான்."

மாதக் கடைசிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று நகராட்சி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். நிலையத்தில் அவர்கள் இடமெல்லாம் அதற்குள் நிரம்பிவிட்டது. வேலையில் சேர்ந்த மூன்று சின்னப் பெண்களின் இடம் மட்டும் காலி. அதில் ஒன்று நாத்தனாருக்குக் கிடைத்தது. அவள் மூன்று குழந்தைக்காரி என்பதால் மேடம் முதலில் அவள் பெயரைப் போட்டார். மற்ற இரண்டுக்கும் அடிதடி. டெமோ அக்கா அந்த அடிதடிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று கணவனும் சொல்லவில்லை. பரணிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கினார்கள். எந்த ஊருக்கு என்று மகள் கேட்டாள். டெமோ அக்கா ஒரு பாத்திரத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

பாதிப் பாத்திரம் பெட்டிக்குள் போன ஒரு மத்தியானம், வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. திட்ட மேடம் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே வந்தார்.

"அக்கா, கம்பெனிக்குப் போய் நல்லா சண்டை போட்டேன். பயிற்சி கொடுத்த ஆளுங்கள இப்படித் தள்ளிவிட்டா நகராட்சி எப்படி உங்களுக்கு இடம் கொடுக்கும்னு கேட்டேன். கடைசியில அந்த லைன் சாரே சொன்னார், ஒரு வேலை இருக்காம்." மேடம் தொண்டையைச் செருமினார். "புதுசா சேர்ந்த பொண்ணுங்க தப்பாக் கட்டுற பீஸெல்லாம் ஒரு ரூம் நெறையக் கெடக்காம். பிரிச்சா கனெக்டர் ஒடஞ்சுபோகுதாம், வயர் அறுந்துபோகுதாம். அன்னைக்கு நீங்க பிரிச்சதுல ஒரு கீறல்கூட இல்லன்னு அவர் சொன்னார். அதான்… பிரிக்கிற வேலை."

கணவன் சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். அவள் அவனைப் பார்த்தாள், அவன் நிறுத்திக்கொண்டான்.

"வீடு?" என்று அவள் கேட்டாள்.

"நகராட்சி ஏற்பாடு பண்ணின வேலைதானே? வீடு இருக்கும்."

"அப்ப சரி மேடம்," என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியிலிருந்து டம்ளரை எடுத்து, கழுவி, மேடத்துக்கு டீ போட்டாள்.

இப்படித்தான் அவளுக்கு ஊரின் புதுத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்தது. வரிசைகளுக்குப் பின்னால், கதவு வைத்த ஓர் அறை. உயரத்தில் ஜன்னல். ஒரு பக்கம் சிவப்புக் கூடை, அதில் தப்பான கொத்துகள். மறுபக்கம் நீலக் கூடைகள், அவற்றில் அவள் பிரித்துப் போடும் வயர்கள். காலையில் சிவப்புக் கூடை நிரம்பியிருக்கும். மாலையில் காலியாகும். மறுநாள் காலையில் நிரம்பியிருக்கும். நிலையத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நாத்தனார் ஒருமுறை கேட்டாள். "அங்க நான் கட்டுனதப் பிரிச்சேன். இங்க ஊரார் கட்டுனதப் பிரிக்கிறேன்," என்றாள் இவள். "பதவி உயர்வுதானே?"

நிலையத்தில் இப்போது நாத்தனார்தான் டெமோ. ஆனால் பெயர் இவளை விட்டுப் போகவில்லை. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் ஒரு நாள் தொழிற்சாலையைப் பார்க்க வந்தபோது ஆணையர் அவர்களை இந்த அறைக்கும் அழைத்துவந்தார். "எங்க பயிற்சி நிலையத்தோட சொத்து இவங்க," என்றார். அவளுக்குச் சொல்ல வேண்டியது தெரியும். முன்நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். வெளிச்சம் அதே வெளிச்சம்தான். அவர்கள் போன பிறகு தலைக்கு மேலிருந்த ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மழையா வெயிலா என்று தெரியவில்லை.

போன வாரம் வரிசையில் நாலைந்து பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். அனுப்ப வேண்டிய சரக்கு முடங்கியது. லைன் சார் அறைக் கதவைத் திறந்து, "அக்கா, இன்னைக்குப் பிரிச்சதையெல்லாம் நீங்களே சரியாக் கட்டிக் கொடுத்துடுங்க. நான் வந்து பார்க்கிறேன்," என்று ஒரு பலகையை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

அவள் கதவைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பிறகு கட்டத் தொடங்கினாள். தப்பான மஞ்சள் வயரை எடுத்துவிட்டு அது போக வேண்டிய துளையில் சொருகினாள். டேப்பைச் சீராகச் சுற்றினாள். லைன் சார் டெஸ்டரோடு வந்தார். பச்சை எரிந்தது.

"ஓகே," என்றார், போய்விட்டார்.

அவள் வலது கை எழுந்தது. கொத்தின் நுனிக்குப் போய், டேப்பின் முனையை நகத்தால் தேடியது. அவள் இடது கையால் அதைப் பிடித்து இழுத்தாள். இழுத்து, மேசைக்குக் கீழே, தன் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். விரல்கள் உள்ளே நெளிந்தன. அப்படியே உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டி வரும் சத்தம் தூரத்தில் கேட்டது. மிகவும் மெதுவாக வந்தது.

வண்டி தள்ளும் பெண் உள்ளே வந்து கொத்தை எடுத்து வண்டியில் போட்டாள். டெமோ அக்கா எழுந்து நின்றாள். எப்போது கையை வெளியே எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அது வண்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இது எங்க போகும்?"

"எனக்கென்ன தெரியும்? லாரில ஏத்துவாங்க. அப்புறம் எந்த ஊர்ல எந்த வண்டியோ." அந்தப் பெண் வண்டியை அசைத்துப் பார்த்தாள். அது நகரவில்லை. "அக்கா, கைய எடுங்க. வண்டி போகணும்."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். வண்டி கதவைத் தாண்டிப் போயிற்று. சத்தம் தேய்ந்து, வரிசைகளின் இரைச்சலில் கலந்தது. அவள் அது திரும்பி வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். வரவில்லை.

பிறகு உட்கார்ந்து, சிவப்புக் கூடையிலிருந்து அடுத்ததை எடுத்தாள்.